பாரமான பிக்கப் றக்குக்கு டர்போ ஹைபிரிட் பொருந்துமா?

சென்ற மாதம் வானொலியில் நான் பேசிய பேச்சு, நேரம் போதாமல் பாதியிலே நின்றுபோனது. பிறகு தொலைபேசியில் அழைத்தவர்களில் பலர், "அந்தக் கணக்கை ஒருக்கால் எழுத்தில் தாருங்கோ" என்று கேட்டார்கள். அந்தப் பேச்சுக்குக் காரணமாக இருந்த என் மருமகனின் கதையையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மருமகன் என்பது என் அக்காவின் மூத்த மகன். ஸ்காபரோவில் சொந்தமாகத் தொழில் செய்கிறான். கோடையில் புல் வெட்டுதல், வீட்டு முற்றங்களுக்குக் கல் பதித்தல். மாரியில் கடைத்தொகுதிகளின் தரிப்பிடங்களில் பனி தள்ளுதல். இரண்டு பெடியன்களுக்கு வேலை கொடுத்திருக்கிறான். அவனுடைய பழைய றக்கின் அடிச்சட்டம் உப்பிலே துருப்பிடித்து, இனிமேல் ஒட்டுப்போட முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. போன ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விற்பனை நிலையத்துக் கடதாசிகளோடு என் வீட்டுக்கு வந்தான். ஒரு தொன் வகுப்பைச் சேர்ந்த புத்தம் புதிய டீசல் பிக்கப். வரியோடு ஒரு லட்சம் டொலருக்கு மேலே. 84 மாதக் கடன். அவனுடைய பெயரில் மட்டும் கடன் கிடைக்காதாம். அக்காவும் அத்தானும் கூட நின்று கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

அக்கா இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் இரவு வேலைக்குப் போய் அந்த வீட்டுக் கடனை அடைத்தவர். கடதாசியைப் பார்த்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது இயந்திரத்தின் அளவல்ல, அக்கா கையெழுத்து வைக்க வேண்டிய அந்த வெறும் கோடுதான்.

அவன் கேட்ட கேள்வியோ வேறு. "மாமா, ஒரு சிநேகிதன் சொல்லுறான், கொஞ்சம் பொறுத்து வாங்கு, டர்போ ஹைபிரிட் பெரிய றக்குகள் வரப்போகுது, இப்ப டீசல் வாங்கினால் நட்டம் எண்டு. உண்மையோ?"

சிநேகிதன் சொன்னது முழுக் கற்பனை அல்ல. 2024 ஜூலையில் ஃபோர்ட் நிறுவனம், ரொறன்ரோவுக்கு மேற்கே ஓக்வில்லில் இருக்கும் தன் ஆலையில் 2026 முதல் சூப்பர் டியூட்டி வகைப் பிக்கப்புகளைச் செய்யப்போவதாக அறிவித்தது. அந்த வகையின் அடுத்த தலைமுறையில் மின்சாரமும் ஏதோ வடிவில் சேரும் என்ற பேச்சும் அந்த அறிவிப்பில் இருந்தது. அந்தப் பேச்சு தேநீர்க் கடைகளுக்கு வந்து சேரும்போது "ஹைபிரிட் வந்தாச்சாம்" என்று ஆகிவிட்டது. ஃபோர்ட், ஜி.எம்., ராம் ஆகிய மூன்றின் கனரகப் பிக்கப் வரிசையிலும் இதுவரை ஹைபிரிட் கிடையாது. விற்பனையில் இருப்பவை ஒரு படி கீழே உள்ள, அரைத் தொன் என்று நாங்கள் சொல்லும் வகுப்பில்தான்.

இந்த இரண்டு வகுப்பையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபோர்ட் எஃப்-150, ரொயோட்டா துந்த்ரா போன்றவை அரைத் தொன். எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500, சில்வராடோ 2500, 3500 என்பவை கனரகம். முகப்பைப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். அச்சு, வில்லுத்தகடு, பிறேக், குளிர்விப்பான் எல்லாம் வேறு. இன்னொரு வித்தியாசமும் உண்டு. அனுமதித்த மொத்த எடை 8,500 இறாத்தலைத் தாண்டினால் அந்த வாகனத்துக்கு அரசாங்க எரிபொருள் சிக்கனச் சீட்டு ஒட்டத் தேவையில்லை. அதனால் கனரகப் பிக்கப் வாங்குகிறவர், அது எவ்வளவு குடிக்கும் என்ற உத்தியோகபூர்வ எண்ணைப் பார்க்காமலே வாங்குகிறார். ஒரு லட்சம் டொலர்ப் பொருளுக்கு இது கொஞ்சம் விசித்திரமான நிலைதான்.

இனி டர்போ, ஹைபிரிட் என்ற சொற்களைப் பார்ப்போம். டர்போ என்பது புகைக்குழாயால் வெளியே போகும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் இருக்கும் மறு சக்கரத்தால் காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளுவது. காற்று கூடினால் எரிபொருளும் கூட எரியலாம். சிறிய இயந்திரம் பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்யும். குறை என்னவென்றால், மிதித்தவுடன் வராது. வாயு சேர்ந்து சக்கரம் வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். மின்மோட்டருக்கு அந்தத் தாமதம் இல்லை. நிற்கும் நிலையிலேயே முழு முறுக்கு விசையையும் தரும். ஆகவே ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கிறது. கடதாசியில் பார்த்தால் அருமையான சம்பந்தம்.

ஹைபிரிட் எங்கிருந்து மிச்சம் பிடிக்கிறது என்பதற்கு எங்களிடமே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1990 க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நேயர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். செய்தி முடியும்வரை ஒருவர் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். சைக்கிள் ஓடும்போது டைனமோவைத் ரயரில் அமத்தினால் சைக்கிள் உடனே பாரமாகும். அந்தப் பாரம்தான் வெளிச்சமாக மாறுகிறது. ஹைபிரிட் றக்கில் பிறேக் பிடிக்கும்போது நடப்பதும் இதுவே. மோட்டர் டைனமோவாக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பற்றரியில் போடுகிறது. அடுத்த முறை புறப்படும்போது அதையே திருப்பிக் கொடுக்கிறது. எனவே நின்று நின்று போகிற வண்டிக்கு இலாபம் அதிகம். நிற்காமல் ஓடுகிற வண்டிக்குத் திருப்பிப் பிடிக்க ஒன்றும் இல்லை.

எண்களைப் பாருங்கள். 2021 மாதிரி எஃப்-150 இல் ஒரே 3.5 லீற்றர் இரட்டை டர்போ வி6 இயந்திரம் ஹைபிரிட்டாகவும், சாதாரணமாகவும் வந்தது. நாலு சக்கர இழுவை உள்ளதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவீடு: சாதாரணம் நகரில் கலனுக்கு 18 மைல், நெடுஞ்சாலையில் 23. ஹைபிரிட் இரண்டிலும் 24. எங்கள் கணக்கில் நகரில் 100 கிலோமீற்றருக்கு 13.1 லீற்றர் என்பது 9.8 ஆகிறது. நெடுஞ்சாலையில் 10.2 என்பது 9.8 ஆகிறது. வருடம் 25,000 கிலோமீற்றர், லீற்றர் ஒன்றரை டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் நகருக்குள் ஓடினால் மிச்சம் 1,200 டொலரைத் தாண்டும். முழுவதும் 401 இல் ஓடினால் 150 டொலர். ஒரே வண்டி, ஒரே விலை. ஓடும் இடம்தான் வேறு. இதுவும் பின்னால் ஒன்றும் கட்டாமல் ஓடும்போது.

இப்போது பின்னால் பாரத்தைக் கட்டுவோம். அமெரிக்காவில் பிக்கப்புகளின் இழுவைத் திறனை அளக்க ஒரு பொது விதிமுறை இருக்கிறது. அதில் முக்கியமான சோதனை அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கட்டுக்கு அருகிலுள்ள ஏற்றம். 11.4 மைல் தூரம், ஏறத்தாழ 900 மீற்றர் உயரம், 38 பாகைக்குக் குறையாத வெயில், உள்ளே குளிரூட்டி முழுதாகப் போட்டிருக்க வேண்டும். தனிச் சக்கர பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏறி முடிக்க வேண்டும். அந்த வேகத்தில் ஏறினால் பதினேழு நிமிடம்.

எஃப்-150 ஹைபிரிட்டின் பற்றரி 1.5 கிலோவாற் மணி. மோட்டர் 35 கிலோவாற். பற்றரியில் உள்ளதை ஒரு சொட்டு விடாமல் எடுத்தாலும் மோட்டர் முழு வலுவோடு இரண்டரை நிமிடம்தான் தள்ளும். உண்மையில் எந்த ஹைபிரிட்டும் பற்றரியை அடிவரை வழித்தெடுக்க விடாது. மிச்சம் பதினாலு, பதினைந்து நிமிடம் தனியே இயந்திரத்தின் தலையில். றக்கும் றெயிலரும் சேர்ந்து எட்டுத் தொன் என்றால், அதை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 20 கிலோவாற் மணி வேண்டும். காற்றின் தடையும் ரயரின் உராய்வும் வேறு. பற்றரி கொடுப்பது அதில் பதின்மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு அந்தப் பற்றரியும் மோட்டரும் மேலே ஏற்றிச் செல்ல வேண்டிய சுமையாகிவிடுகின்றன.

பெற்றோல் டர்போவுக்கு இங்கே இன்னொரு சங்கடம். நீண்ட நேரம் முழு பாரத்தோடு இழுக்கும்போது உள்ளே சூடு தாங்க முடியாமல், இயந்திரத்தைக் குளிர வைப்பதற்காகவே தேவைக்கு மேல் பெற்றோலை உள்ளே விடுவார்கள். சும்மா ஓடும்போது சிக்கனமாக இருந்த சிறிய இயந்திரம், பாரம் ஏறியதும் பெரிய வி8 போலவே குடிப்பது இதனால்தான். டீசலுக்கு இந்தத் தேவை இல்லை.

சரி, இறங்கும்போது திரும்பப் பிடிக்கலாமே என்று ஒரு நேயர் கேட்டார். நல்ல கேள்வி. பிடிக்கலாம், பற்றரி நிரம்பும்வரை. அதே மலையில் இறங்கும்போதும் சில நிமிடத்தில் அது நிரம்பிவிடும். பிறகு பழையபடி கியரும் பிறேக்கும்தான். சமதரையிலும் அப்படியே. எட்டுத் தொன் வண்டி மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து பத்து விநாடியில் நிற்க வேண்டுமென்றால் சராசரி 110 கிலோவாற் வலுவை எங்கேயாவது கொட்ட வேண்டும். 35 கிலோவாற் மோட்டரால் அதில் மூன்றில் ஒன்றைக்கூட விழுங்க முடியாது. றெயிலரின் சொந்தப் பிறேக் விழுங்குவது இன்னொரு பங்கு. அது எங்களுக்குத் திரும்பி வராது.

டீசல் கனரக பிக்கப்புகளில் டர்போ ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. டர்போவுக்குள் இருக்கும் சிறு தகடுகளை மூடிப் புகையை மறித்தால் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். மலை எவ்வளவு நீளமென்றாலும் "நிரம்பிவிட்டது, இனி முடியாது" என்று அது சொல்லாது. இறக்கத்தில் பிறேக் எரிந்து மணத்த றக்கின் பின்னால் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இழுவைத் திறனிலும் இது தெரிகிறது. 2021 எஃப்-150 இல் சாதாரண டர்போவுக்கு அதிகபட்சம் 14,000 இறாத்தல், ஹைபிரிட்டுக்கு 12,700. ஏற்றும் சுமையில் இடைவெளி இன்னும் பெரிது. அந்த வரிசையில் அதிகபட்சம் 3,325 இறாத்தல், ஹைபிரிட்டுக்கு 2,120. 2022 இல் வந்த துந்த்ரா ஹைபிரிட்டும் 11,450. ஹைபிரிட் இல்லாதது 12,000. ஆனால் முறுக்கு விசையில் இரண்டிலும் ஹைபிரிட்டே மேலே நிற்கிறது. விற்பனையாளர் காட்டுவது முறுக்கு விசையை. உங்கள் கல்லும் மண்ணும் கேட்பது சுமைத் திறனை. கல் பதிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கதவை நீக்கினால் தூணில் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கும். அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பது அதில்தான் உண்டு, விளம்பரத்தில் அல்ல.

டீசலின் பக்கம் பாருங்கள். 2023 சூப்பர் டியூட்டியின் பெரிய 6.7 லீற்றர் டர்போ டீசல் 500 குதிரைவலு, 1,200 அடி-இறாத்தல். எஃப்-150 ஹைபிரிட் 430 குதிரைவலு, 570 அடி-இறாத்தல். குதிரைவலுவில் பெரிய தூரம் இல்லை. முறுக்கு விசையில் இரட்டிப்புக்கு மேலே. அதுவும் பற்றரியைக் கேட்டு வருவதல்ல. தாங்கியில் டீசல் இருக்கும்வரை வருவது.

ஆக, கனரக பிக்கப்பை அதன் பெயருக்குரிய வேலைக்கு, அதாவது பெரும் பாரத்தைக் கட்டி மணிக்கணக்காக இழுப்பதற்கு வாங்குகிறவருக்கு, இன்று கடையில் இருக்கும் மாதிரி சிறு பற்றரி டர்போ ஹைபிரிட் பொருந்தாது. இது என் தீர்ப்பு. பெரிய பற்றரி போட்டால் கதை மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் எடிசன் மோட்டர்ஸ் என்ற கனேடிய நிறுவனம், மரம் ஏற்றும் பாரவூர்திகளை டீசல் ஜெனரேற்றரும் மின்மோட்டரும் கொண்டு கட்டுகிறது. ரயில் இயந்திரங்களின் முறைதான். அங்கே ஒரு வசதி இருக்கிறது: வெட்டிய மரம் மலையில் இருக்கும், ஆலை கீழே இருக்கும். வெறும் வண்டி மேலே ஏறும்; பாரத்தோடு கீழே இறங்கும். ஒவ்வொரு நடையிலும் மலை பற்றரியை நிரப்பித் தருகிறது. அந்த வேலைக்கு அது கச்சிதம். வெறுமனே இறங்கிப் பாரத்தோடு ஏறுகிறவருக்கு அதே வண்டி அந்த இலாபத்தைத் தராது.

இவ்வளவையும் சொன்னதும் மருமகன் முகம் மலர்ந்தது. "அப்ப டீசல்தான் எண்டு சொல்லுறீங்கள்."

"பொறு தம்பி" என்றேன். "நீ மலையிலையோ வேலை செய்யிறாய்?"

அவனுடைய ஒரு நாளைப் பாருங்கள். கோடையில் வீட்டுக்கு வீடு நாலைந்து கிலோமீற்றர். நிற்பதும் எடுப்பதும். மதியம் ரிம் ஹோர்ட்டன்ஸ் வாசலில் குளிரூட்டிக்காக இயந்திரம் அரை மணித்தியாலம் ஓடிக்கொண்டிருக்கும். மாரியில் இரவு பதினொரு மணிக்குப் போனால், ஒரே தரிப்பிடத்துக்குள் முன்னும் பின்னும் ஐம்பது மீற்றர், ஐம்பது மீற்றராக விடியும்வரை. இது டீசலுக்கு மிக மோசமான வாழ்க்கை. 2007 இலிருந்து டீசல் பிக்கப்புகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. 2010 ஐ அடுத்து யூரியாத் திரவமும் சேர்ந்தது. அந்த வடிகட்டி தன்னைத்தானே எரித்துத் துப்பரவாக்க, நெடுஞ்சாலையில் நல்ல சூட்டோடு தொடர்ந்து ஓட வேண்டும். தரிப்பிடத்தில் உருட்டிக்கொண்டிருந்தால் கரி அடைத்துக்கொண்டே போகும். நான் வேலை செய்த திருத்தகத்தில், இழுக்கிற வேலை எதுவும் இல்லாத டீசல்கள் அடைத்த வடிகட்டியோடு வந்து நின்றதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பில்லைக் கண்டதும் ஆள் கதிரையைத் தேடுவார்.

வேடிக்கை என்னவென்றால், ஹைபிரிட் இலாபம் தருகிற ஓட்டமே இந்த ஓட்டம்தான். நின்று எடுப்பது, சும்மா ஓடுவது, மெதுவாக உருட்டுவது. கனரக பிக்கப் வாங்குகிற எங்கள் ஆட்களில் பலரின் வேலை, கனரக வேலையே அல்ல. பனித் தகட்டின் எடையை முன் அச்சு தாங்க வேண்டும் என்பதற்காகவும், சொல்ல வெட்கமாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரனின் றக்கைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காகவும் வாங்கப்படுகிறது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஒரு கனரக ஹைபிரிட் வேண்டும். கடும் குளிரில் பற்றரி குறைவாகவே மின்சாரம் வாங்கும், உள்ளே சூடு வேண்டியதால் இயந்திரம் அடிக்கடி ஓடும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் இலாபம் மிஞ்சும்.

ஜி.எம். இதை முன்பே ஓரளவு முயன்றது. 2009 முதல் 2013 வரை சில்வராடோ 1500 இல் 6 லீற்றர் வி8 இயந்திரத்தோடு ஹைபிரிட் விற்றார்கள். நகருக்குள் நல்ல சிக்கனம். இழுவை 6,100 இறாத்தல்தான். விலை கூட. சந்தை எடுக்கவில்லை, நிறுத்திவிட்டார்கள்.

எரிபொருளை விட்டுவிட்டு நான் மெச்சுகிற ஒன்று அந்த ஹைபிரிட்டில் உண்டு. அக்கா அன்று கேட்ட ஒரே கேள்வியும் அதைப் பற்றியதுதான். "இதில வீட்டுக்கு லைற் எரிக்கலாமோ?" 2013 டிசம்பர் பனிப்புயலை ரொறன்ரோ நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. நத்தார் தாண்டியும் பலருக்கு வரவில்லை. அக்கா வீட்டில் நாலு நாள். அத்தானின் இன்சுலினை வெளியே வைத்தால் உறைந்து பழுதாகும், உள்ளே வைத்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில், யன்னல் கட்டில் துணி சுற்றி வைத்து மணிக்கொருக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வன்னியில் இருந்தபோதும் இருட்டு இருந்ததுதான், ஆனால் அங்கே குளிர் இருக்கவில்லை என்று சொல்வார்.

எஃப்-150 ஹைபிரிட்டில் 2.4 கிலோவாற் மின்வழங்கி கூடவே வருகிறது. மேலதிகமாகக் கொடுத்தால் 7.2 கிலோவாற். அதில் குளிர்சாதனப் பெட்டி, சூடாக்கியின் விசிறி, சில மின்குமிழ்கள், கல்லு வெட்டும் வாள் எல்லாம் ஓடும். இயந்திரம் தேவைப்படும்போது மட்டும் தானே ஓடிப் பற்றரியை நிரப்பிவிட்டு நிற்கும். 2021 பெப்ரவரியில் ரெக்சாஸ் மாநிலம் குளிரில் இருண்டபோது, இந்த வண்டிகளை மக்களுக்கு இரவல் கொடுக்கும்படி ஃபோர்ட் தன் முகவர்களைக் கேட்டது. ஆனால் ஒன்று: வண்டியைக் கராஜுக்குள் வைத்து ஓட்டக் கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. காபனோரொட்சைட்டு நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டு மின்பலகையில் இணைப்பதாயின் அனுமதி பெற்ற மின்னியலாளர் வந்துதான் செய்ய வேண்டும்.

இடையில் ஒரு சட்ட விடயம். ஒன்ராறியோவில் சாதாரண ஜி உரிமத்தோடு இழுக்கக்கூடிய றெயிலர் 4,600 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. வண்டியும் சேர்ந்து 11,000 கிலோவுக்கு மேல் கூடாது. றெயிலர் 4,600 கிலோவைத் தாண்டினால் ஏ வகுப்பு உரிமம் வேண்டும். தொழிலுக்கு ஓடும் றக்கின் பதிவு எடை 4,500 கிலோவைத் தாண்டினால் வணிக வாகன இயக்குநர் பதிவும் எடுக்க வேண்டும். 37,000 இறாத்தல் இழுக்கும் என்று பெருமையாக வாங்கிவிட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இழுக்க உரிமம் இல்லாமல் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். மருமகனிடமும் ஜி உரிமம்தான்.

அன்று இரவு எந்த முடிவும் எடுக்கவில்லை. ஒரு பாடசாலைக் கொப்பியை அவனிடம் கொடுத்து, பதினைந்து நாளைக்கு இதில் எழுது என்றேன். எத்தனை கிலோமீற்றர், இயந்திரம் எத்தனை மணித்தியாலம் சும்மா ஓடியது, பின்னால் என்ன கட்டினாய், அதன் எடை என்ன. எடைக்கு, மண்ணும் சல்லியும் விற்கிற இடத்துத் தராசில் ஒருக்கால் ஏற்றி இறக்கச் சொன்னேன்.

கொப்பி வந்தது. ஒரு நாள் தவிர மற்றெல்லா நாளும் றெயிலர் இரண்டு தொன்னுக்குள். அந்த ஒரு நாள் வாடகைக்கு எடுத்த சிறு மண்வெட்டி இயந்திரம். அதை வாடகைக் கம்பனியே கொண்டுவந்து இறக்கித்தரும், கொஞ்சக் காசு கூடக் கொடுத்தால். இயந்திரம் ஓடிய நேரத்தில் பாதிக்குக் கிட்ட சும்மா நின்று ஓடியது. அதைப் பார்த்து அவனே வாயைப் பிளந்தான்.

இந்தக் கணக்குக்கு டீசல் தேவையில்லை. அரைத் தொன் ஹைபிரிட் கோடைக்குச் சரி, ஆனால் மாரியில் அவனுடைய பெரிய பனித் தகட்டை அதில் பூட்ட நான் சம்மதிக்க மாட்டேன். எந்த வண்டி வாங்கினாலும், பனித் தகடு பூட்ட உற்பத்தியாளர் அனுமதித்த மாதிரிதானா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். முகவரின் வாய்ச்சொல் போதாது. கடைசியில் இன்னொரு ஒப்பந்தகாரரிடமிருந்து நாலு வருடம் ஓடிய முக்கால் தொன் றக் ஒன்று கிடைத்தது. 7.3 லீற்றர் பெற்றோல் வி8, டர்போ இல்லை, ஹைபிரிட் இல்லை, புகைக்கரி வடிகட்டியின் கரைச்சலும் இல்லை. விலை முதலில் சொன்னதில் பாதிக்கும் குறைவு. கடன் அவனுடைய பெயரில் மட்டும் கிடைத்தது. அக்கா அந்தக் கோட்டில் கையெழுத்து வைக்கவில்லை.

ஆனால் வி8 சும்மா இருக்குமா? பெப்ரவரியில் பெரிய பனி விழுந்த இரவு, விடிய நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. "மாமா, பதினொரு மணியிலையிருந்து தள்ளுறன். எத்தனை லீற்றர் குடிச்சிட்டுது தெரியுமோ?" எண்ணைக் கேட்டதும் என் நித்திரை கலைந்துவிட்டது. சிநேகிதன் சொன்ன அந்த ஓக்வில் வண்டி எப்போதாவது ஹைபிரிட்டாக வந்தால், அதன் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய எண் அது. கொப்பியில் எழுதி வை என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.